எக்ஸ்ரே எடுத்தாச்சு

சூசைரட்ணம் தன் வாழ்க்கையில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். ஆர்ட்லி தோட்டத்துத் தேயிலை ஆலையில் கொழுந்து மூட்டை தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஆலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மூட்டை தூக்கி, கொழுந்து காயவைக்கும் மாடியில் சில வருடம் நின்று, கடைசியில் ரோலர் மெஷின்கள் அவர் பொறுப்புக்கு வந்தன. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த மெஷினுக்கு எண்ணெய் போதவில்லை, எது இறுகிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிடுவார். பெரிய தொரையே ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, "சூச, ஒங்க காத எங்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்று சிரித்திருக்கிறார்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறினால் ஆர்ட்லி. அங்கே கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பரா அவருடையது. மனைவி பெற்றீசியா மலையில் கொழுந்து பறிப்பவர். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தும் தங்கவில்லை. ஒன்பதாவது வருடம் பிறந்து தங்கியவள் ஜொய்சி. ஞானஸ்நானம் கொடுத்த அன்று சூசைரட்ணம் குழந்தையை யார் கையிலும் கொடுக்காமல் தானே வைத்திருந்ததை லயத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜொய்சிக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு பழைய மேசைப்பந்து மேசையை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஜொய்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று திருப்பி அடித்தாள். விளையாட்டு டீச்சர் சூசைரட்ணத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஹட்டன்ல பிரியந்தி மிஸ்னு ஒருத்தங்க இருக்காங்க. மாகாணத்துக்கு ஆடினவங்க. சனிக்கிழமைல மண்டபத்துல வச்சுத் தனியாச் சொல்லிக் குடுக்குறாங்க. இந்தப் புள்ளைக்குக் கண்ணும் கையும் ஒண்ணாப் போகுது. ஒருக்காக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

அடுத்த சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்துக்குள் பெற்றோர்களுக்கென்று பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. வங்கியில் வேலை செய்பவர்கள், கடை முதலாளிகள், ஒரு டொக்டரின் மனைவி என்று வந்திருந்தார்கள். சூசைரட்ணம் வாசலிலேயே நின்றார். பந்து ஒன்று உருண்டு வந்து அவர் காலில் முட்டியது. எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று வந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தார். பிரியந்தி மிஸ் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "அப்பா, வாசலில் நின்று என்ன செய்கிறீர்கள்? உள்ளே வந்து பொறுக்கிக் கொடுத்தால் எனக்கும் உதவி."

அவருக்கும் ஸ்டோரில் பேசிப் பழகிய சிங்களம் இருந்தது. அன்றிலிருந்து இருவரும் அந்த மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். கதிரையில் உட்கார்ந்தவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, சூசைரட்ணம் மேசையைச் சுற்றி வந்து பந்து பொறுக்கினார். மிஸ் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. மூன்று மாதத்தில் பெட் என்று சொல்லும் மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கும் ஓரத்தில் பட்ட பந்துக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கும்போதே "வெலகிப் போச்சு" என்று முணுமுணுப்பார். சரியாகத்தான் இருக்கும்.

இவ்வளவு வயதுக்கு மேல் தனக்கு ஒரு புது விஷயம் பிடிபடுகிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆசை பொல்லாதது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த நாட்களில் பஸ்ஸில் திரும்பி வருவது அப்பாவுக்கும் மகளுக்கும் திருவிழா மாதிரி. ஜன்னலோர இருக்கையில் ஜொய்சி. கையில் சுடச்சுட வடைப் பொட்டலம். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரியும் வளைவு வந்ததும் சூசைரட்ணம் தன் சின்ன வயதுக் கதை ஏதாவது எடுத்துவிடுவார். ஸ்டோர் மாடியில் தூங்கிப்போய்க் கொழுந்துக்கு நடுவில் கிடந்தது, கணக்கப்பிள்ளை தேடி அலைந்தது. அவள் வடையை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பாள். நடுநடுவே, "முழங்கைய ஒடம்போட ஒட்டி வையின்னு மிஸ் சொன்னாங்கல்ல?" என்பார். "ஆமாப்பா" என்பாள்.

வீட்டிலும் பழக வேண்டும் என்று மிஸ் சொன்னதும், ஸ்டோர் தச்சரிடம் கேட்டு ஒரு பலகை வாங்கி வந்தார். முன்னறையில் அதை மேசை உயரத்தில் சுவரோடு சேர்த்துப் பொருத்தினார். பந்து பலகையில் பட்டு, சுவரில் பட்டுத் திரும்பி வரும். அலுமாரியை உள்ளே தள்ளவேண்டி வந்தது. மாதா சொரூபத்தையும் குசினிப் பக்கம் மாற்றியபோது பெற்றீசியா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"மாதாவுக்கே எடமில்லையா இப்ப?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

லயத்தில் ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராசம்மா அக்கா இரண்டாம் நாளே வந்து எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, ஒங்க வூட்ல மரங்கொத்தி ஏதும் வளக்குறீங்களா?"

ஜொய்சிக்குப் பன்னிரண்டு வயதானபோது கொரோனா வந்தது. ஊரடங்கு. ஹட்டன் மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் மலையில் வேலை நடந்தது, ஸ்டோரும் ஓடியது. பிரியந்தி மிஸ் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார். சூசைரட்ணம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வார். வேலைக்குப் போவதற்கு முன் இருநூறு பந்து. வேலை முடிந்து வந்ததும் இருநூறு பந்து. நூற்று எண்பதில் தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து.

எங்கே என்று குறித்துச் சொல்ல முடியாது, அந்த மாதங்களில்தான் ஏதோ மாறிப்போனது. கதை சொல்வது நின்றது. வாயைத் திறந்தால் முழங்கை, மணிக்கட்டு, கால் வைக்கும் இடம். அவர் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. ஒரு நாள் ஜொய்சி, "இன்னைக்கு வேணாம்ப்பா, எல்லாரும் தண்ணிப் பீலிக்கிட்ட வெளையாடுறாங்க" என்றாள். அவர் கையில் பந்தை வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெளியே பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜொய்சி வந்து பெட்டை எடுத்தாள்.

பெற்றீசியா சோறு பரிமாறும்போது சொன்னார்: "அது வெளையாட்டுன்னுதானே சொன்னீங்க?"

"தெறம இருக்குற புள்ளைய சும்மா விடச் சொல்றியா?"

"சும்மா விடச் சொல்லல்ல. கொஞ்சம் விடச் சொல்றேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

பலன் இல்லாமலும் போகவில்லை. மண்டபம் திறந்ததும் கல்வி வலய மட்டத்தில் முதலிடம். அடுத்த வருடம் மாகாணத்தில் இரண்டாமிடம். போட்டிகளில் பெற்றோர் சத்தம் போடக்கூடாது என்பதால் சூசைரட்ணம் சைகைகள் கண்டுபிடித்தார். மூக்கைத் தொட்டால் கட்டையாகப் போடு. காதைத் தொட்டால் நீட்டிப் போடு. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் ஜொய்சி திரும்பிக் கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடுவாள்.

பிரியந்தி மிஸ் அதைக் கவனித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையோடு அவள் ஆடவில்லை, அப்பா. உங்களோடு ஆடுகிறாள். பந்து பொறுக்க வருபவராக மட்டும் வாருங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சரி மிஸ் என்றார். இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டு பந்து பொறுக்கினார். மூன்றாவது வாரம் மூக்கைத் தொட்டார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் டீசல் இல்லாமல் நாடே நின்றுபோனது. பஸ் ஓடவில்லை. மற்றப் பிள்ளைகள் வராத சனிக்கிழமைகளிலும் ஜொய்சி வந்தாள். தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லொறியில் பாதி தூரம், நடையில் மீதி. மிஸ்ஸே மனம் இளகி, ஒரு நாள் தன் வீட்டில் இருவருக்கும் சோறு போட்டார். அந்த வருடம் மாகாணத்தில் முதலிடம். கொஞ்ச நாளில், கொழும்பில் இளம் வீரர்களின் தேசியக் கனிஷ்ட குழாத்துக்கான தேர்வுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கடிதத்தை மிஸ் வாசித்துக் காட்டியபோது சூசைரட்ணம் கைகூப்பினார். யாரைப் பார்த்துக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அடைமழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜொய்சி லயத்துப் படிக்கட்டில் பாசி வழுக்கி விழுந்தாள். விழும்போது வலக்கையை ஊன்றிவிட்டாள்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார், துணி சுற்றினார், வீக்கம் வடியாவிட்டால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். நாலு நாளில் வீக்கம் வடிந்தது. கட்டைவிரல் அடியில் மட்டும் தொட்டால் வலித்தது. சனிக்கிழமை மிஸ் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலை விரித்து, அடியில் குழி விழும் இடத்தில் மெல்ல அழுத்தினார். ஜொய்சி உதட்டைக் கடித்தாள்.

"அப்பா, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இங்கே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. உடைந்தாலும் வெளியே தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பெட்டைத் தொடக்கூடாது."

"உடைந்திருந்தால்?"

"ஆறு வாரமாவது மாவுக்கட்டு. சில பேருக்கு இன்னும் கூட. அடுத்த வருடமும் தேர்வு நடக்கும்."

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் நீண்ட வரிசை. குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூசைரட்ணம் வரிசையின் கடைசியில் போய் நிற்கவில்லை. மதில் ஓரமாக நின்றார். ஆறு வாரம் என்ற வார்த்தை தலைக்குள் சுற்றியது. படம் எடுத்தால்தானே தெரியும்? அடுத்த வருடம் யார் கண்டது? அடுத்த வருடம் யாரோ ஒரு முதலாளியின் பிள்ளை வந்து நின்றுவிட்டால்?

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

ஜொய்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"இல்லப்பா. கொஞ்சந்தான்."

"அப்ப சுளுக்காத்தான் இருக்கும்."

"ம்."

ஒரு கடையில் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார். அவள் இடக்கையால் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெற்றீசியா கொழுந்துக் கூடையைக் கூட இறக்கி வைக்காமல் கேட்டார். "என்னா சொன்னாங்க?"

"எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒண்ணுமில்லையாம். சுளுக்குத்தானாம்."

ஜொய்சி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சனிக்கிழமை மிஸ்ஸிடமும் அதையே சொன்னார். படம் எங்கே என்று மிஸ் கேட்டார். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றார். மிஸ் ஒரு நிமிடம் யோசித்தார். ஐந்து வருடமாக ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்த மனிதர். "அப்படியானால் சரி" என்றார்.

கொழும்பில் அந்த மண்டபம் பெரிது. பன்னிரண்டு மேசைகள். பெற்றீசியாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜொய்சி மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிய துணியோடு இறங்கினாள். முதல் ஆட்டம் வென்றாள். இரண்டாவதும் வென்றாள். சூசைரட்ணம் மேலே பார்வையாளர் படிகளில் உட்கார்ந்திருந்தார். மற்ற மேசைகளின் சத்தத்துக்கு நடுவிலும் மகளுடைய பந்தின் சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்கும். அது சரியில்லை. அவள் பெட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. எழுந்துபோய் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்துப் படி இறங்கினால் மிஸ் நின்ற இடம்.

எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு ஆட்டம்தானே என்று உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் பெட் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது. நடுவர் ஏதோ கேட்டார், தலையை ஆட்டினாள். மிஸ் போதும் என்று கைகாட்டியும் கேட்காமல் கடைசிப் புள்ளி வரை நின்று ஆடித் தோற்றாள். அன்று முழுவதும் அவள் ஒரு தடவைகூட மேலே அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பேனா பிடிக்கவே முடியாமல் போனது. தைலம் போட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஒரு நாள் பெற்றீசியா மலைக்குப் போகாமல் மகளைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு கண்டிக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

கண்டிக்கு மூவருமாகப் போனார்கள். தமிழ் பேசும் டொக்டர். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நகம் அளவு எலும்பு, நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. "இந்தப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போகல்ல. செத்துப்போச்சு. உடனே கட்டுப் போட்டிருந்தா அநேகமாச் சேர்ந்திருக்கும்." பிறகு கேட்டார்: "விழுந்த நேரம் எக்ஸ்ரே எடுக்கல்லையா?"

"எடுத்தாங்க டொக்டர்" என்றார் பெற்றீசியா. "இவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களாம்."

"அந்தப் படம் இருக்கா? எந்த இடத்துல எடுத்தீங்க? இதப் பாக்காம விட்டவங்க யாருன்னு நான் கேக்கணும்."

சூசைரட்ணம் கதிரையில் குறுகிக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"எடுக்கல்ல டொக்டர்" என்றாள் ஜொய்சி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "நான்தான் ஊசி போடுவாங்கன்னு பயந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதேன். அப்பா பாவம்னு திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அம்மா ஏசுவாங்கன்னு நான்தான் எடுத்தாச்சுன்னு சொல்லச் சொன்னேன்."

டொக்டர் பெருமூச்சு விட்டு எழுதத் தொடங்கினார். சூசைரட்ணம் மகளைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். கையைக் காப்பாற்றினார்கள், மணிக்கட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அது பின்பக்கம் மடங்காது. தண்ணீர் வாளி தூக்க முடியாது. பதினைந்து வயதில் ஜொய்சி இடக்கையால் அனா ஆவன்னா எழுதிப் பழகினாள்.

டொக்டரைப் பார்த்துவிட்டுக் கண்டியிலிருந்து வந்த பதினோராவது நாள் காலை. பெற்றீசியா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக முன் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். சூசைரட்ணம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு டொக்டர்கிட்ட அவ பொய் சொன்னா. அவ அழவே இல்ல. நான்தான் வரிசைல நிக்காம கூட்டிட்டு வந்தேன். எக்ஸ்ரே எடுத்தாச்சுன்னு நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார் பெற்றீசியா. ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அவ சொன்னாளா?"

"ஊசிக்கு அழுற புள்ளையா அது? வழுக்கி விழுந்த அன்னைக்கே அழல்ல. அந்த ரூமுக்குள்ளேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." குரல் உயரவில்லை. "பதினோரு நாளு. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு நெனப்பேன். ஒங்க மானத்தக் காப்பாத்த அந்தப் புள்ள ஒரு நிமிசம் கூட யோசிக்கல்ல. அதோட கையக் காப்பாத்த ஒங்களுக்கு ஒரு வரிசைல நிக்க முடியல்ல."

ரொட்டியைத் தட்டில் வைத்து மூடினார். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு நத்தார்ப் பண்டிகை வரை அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டு வைப்பார், துணி துவைத்து வைப்பார். அவ்வளவுதான்.

சூசைரட்ணம் ஹட்டனுக்கும் போனார். மிஸ்ஸிடமும் சொல்லவேண்டியிருந்தது. மண்டபத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிரியந்தி மிஸ் முழுவதையும் கேட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் இளகவில்லை.

"நான் படத்தைக் கேட்டேன். இல்லையென்றதும் விட்டுவிட்டேன். அது என்னுடைய தவறு, அதை நான் சுமக்கிறேன். உங்களுடையதை என்னால் சுமக்க முடியாது. ஜொய்சி எப்போது வந்தாலும் வரட்டும். நீங்கள் இனி இங்கே வர வேண்டாம்."

பந்து ஒன்று உருண்டு வந்து பக்கத்தில் நின்றது. குனியப் போனவர், குனியாமல் திரும்பி நடந்தார்.

மகளோடு பேச அவருக்கு இன்னும் பல மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதையால் ஏறி வந்தார்கள். பெற்றீசியா பின்னால் யாரோடோ பேசிக்கொண்டு வந்தார்.

"அன்னைக்கு ஏன் அப்புடிச் சொன்ன, புள்ள?"

ஜொய்சி கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்த டொக்டருக்கு முன்னுக்கு நீங்க ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சீங்க. எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஏற்றம் என்று நினைத்து நின்றார்.

"ஒனக்கு அந்த ஆட்டம் புடிச்சிருந்துச்சா? நெசத்தச் சொல்லு."

"மொத ரெண்டு மூணு வருசம் புடிச்சிச்சுப்பா. பஸ்தான் ரொம்பப் புடிச்சிச்சு. வட வாங்கிட்டு ஏறுவோம், நீங்க கத சொல்லிக்கிட்டே வருவீங்க." இடக்கையால் ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் உருட்டினாள். "பெறகு நீங்க பந்தப் பத்தி மட்டுந்தான் பேசினீங்க. நான் நல்லா ஆடினா பழையபடி பேசுவீங்கன்னு நெனச்சேன்."

பெற்றீசியா வந்து சேரும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

ஜொய்சி பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையை இடக்கையால் எழுதினாள். நேரம் போதவில்லை, ஆனாலும் உயர்தரத்துக்குப் போதுமான பெறுபேறு வந்தது. இப்போது பதினேழு வயது. கலைப் பிரிவில் படிக்கிறாள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் என்று யாரும் சொல்ல முடியாது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள். ஆனால் தனக்கு என்ன நடக்கிறது, என்ன ஆசை என்று அவரிடம் எதுவும் சொல்லமாட்டாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அம்மாவோடு அடுப்படியில். அவர் உள்ளே வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

போன மாதம் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டி. மாகாண மட்டம், கண்டியில். ஜொய்சி வலயத்தில் முதலாவதாக வந்திருந்தாள். இரண்டு நாள் முன்னால் அவளே வந்து அவர் பக்கத்தில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா மட்டும் வரட்டும். நீங்க வரவேணாம்." குரல் மென்மையாகத்தான் இருந்தது. "நீங்க முன்னுக்கு இருந்தா எனக்குப் பேச வராது."

"சரி, புள்ள" என்றார்.

அன்று அவர் ஸ்டோருக்குப் போனார். நாள் முழுவதும் ரோலர்கள் ஓடின. எத்தனை மணிக்கு மேடை ஏறுவாள், என்ன தலைப்பு, ஒன்றும் அவருக்குத் தெரியாது. மாலையில் தாயும் மகளும் பஸ்ஸை விட்டிறங்கி ஏறி வருவதை மேலே நின்று பார்த்தார். பெற்றீசியா ஏதோ சொல்ல ஜொய்சி சிரித்துக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் சிரிப்பு அடங்கியது. கோபத்தால் இல்லை, பழக்கத்தால்.

போட்டியைப் பற்றிக் கேட்காமல் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது ராசம்மா அக்கா பீலியடியில் குடத்தை நிறைத்துக்கொண்டு கூப்பிட்டார். "ஏந்தம்பி, மக மாகாணத்துலயே ரெண்டாவதா வந்திருக்காளாமே! ஒங்களுக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும்!"

"அப்புடியாக்கா?" என்றார் சூசைரட்ணம். "எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் கேக்குறேன்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சூசைரட்ணம் ஒரு கை கொடுத்து அதைத் தூக்கி அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டு, ஸ்டோர்ப் பக்கம் இறங்கிப் போனார்.